வெற்றிலை வைத்துக் கொடுத்த கவர்

என் ராசாவுக்கு,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவர்கள் மூன்று வேளையும் நன்றாகவே சாப்பிடுகிறார்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தொண்டையில் சோறு இறங்குவதில்லை. பக்கத்து வீட்டு டெலிபோன் நம்பரைப் போட்டு உன் பேஜருக்கு எத்தனை தடவை அடித்தேன், ஒரு தடவையாவது திருப்பிக் கூப்பிட்டாயா? நீ கூப்பிடுவாய் என்று அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தே அந்த அம்மா களைத்துப் போனாள். கடைசியில், 'அக்கா, பேசாம ஒரு கடுதாசி எழுதிப் போடுங்கலா, அத அவரு படிச்சுத்தான ஆகணும்' என்றாள். அதனால் எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் எழுதுகிற கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் கடைசி வரை படி.

அடுத்த புதன்கிழமை உனக்கு விமானம். மலாக்காவில் கூட்டாளி அறையிலிருந்தே நேராக சுபாங் விமான நிலையத்துக்குப் போய்விடுவதாகவும், நம் ஊர் செலண்டார் பக்கமே வரப் போவதில்லை என்றும் உன் அக்காவிடம் சொன்னாயாம். போனால் ஒன்பது மாதம் கழித்துத்தான் கப்பலை விட்டு இறங்குவாய். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் அப்படிப் போய்விடுவாயா? நான் கேட்பது அது ஒன்றைத்தான். அதற்காகத்தான் இவ்வளவு பக்கம் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. கப்பலிலிருந்து வந்த வேலைக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாய். அறைகளைச் சுத்தம் செய்து, படுக்கை விரிக்கிற வேலை, சம்பளம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் டிப்ஸ் என்று சொன்னாய். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் உன் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. 'கை நீட்டிப் பொழைக்கிறதுக்கா ஒன்ன படிக்க வெச்சேன்? சுங்கை ஊடாங் எண்ணெ ஆலையில சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்லா. மானமா ஒரு வேல. அத விட்டுட்டு எவனோ வீசுற காசப் பொறுக்கப் போறானாம்' என்று கத்தினார். நீ சும்மா இருந்திருக்கலாம். 'அந்த கேட்டுல காவலுக்கு நின்னு வர்ற காடிக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறீங்களே, அது மட்டும் மானமா?' என்று கேட்டுவிட்டாய். அவர் எழுந்து கை கழுவினார். நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் மீன் குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ போன பிறகு நானும் உன் அப்பாவும் கப்பலில் போய் வந்தோம். ஆமாம்லா, கப்பல்தான். உன்னுடையது மாதிரி பெரிய கடலுக்குப் போகிறதில்லை. கிள்ளான் துறைமுகத்தில் ஏறி பினாங்கு, பூக்கெட் பார்த்துவிட்டுத் திரும்புகிற கப்பல். சிங்கப்பூரில் மாப்பிள்ளைக்கு அவர் கம்பெனி கொடுத்த டிக்கெட். குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டதால் அவர்களால் போக முடியவில்லை. உன் அக்கா அதை எங்கள் பேருக்கு மாற்றிவிட்டாள். கப்பல் என்ற சொல்லையே வீட்டில் எடுக்க முடியாத நேரம் அது. ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய சாமான் வீணாகிறது என்றால் உன் அப்பாவுக்குத் தாங்காதே! 'டிக்கெட்ட ஏன் கெடுக்கணும், போயிட்டு வருவோம்' என்றார். உன் அக்கா கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்து எடுத்துக்கொண்டார். நான் என் வெற்றிலையை ஈரத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். நடுக்கடலில் வெற்றிலைக்கு நான் எங்கே போவேன்?

கப்பலைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயே பார்க்கப் போகிறாய். எங்கள் அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சின்ன அறை, ஆனால் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார்கள். வெள்ளை வெளேர் என்று இரண்டு கட்டில். நாங்கள் உள்ளே போனதும் ஒருவர் கதவைத் தட்டிவிட்டு வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், நெஞ்சில் பேர் குத்தியிருந்தது: யாந்தோ. ஜாவாக்காரர். எங்கள் அறையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். எங்களுக்கு மலாய் தெரியும் என்றதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். உன் அப்பாவை 'பாக்' என்றும் என்னை 'இபு' என்றும் கூப்பிட்டார். அவர்கள் ஊரில் அப்பா, அம்மா என்கிற மாதிரி. என்ன வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், ஓடி வருகிறேன் என்றார். உன் அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவர் போனதும் என்னைப் பார்த்து, 'பாத்தியா, இந்த வேலைக்குத்தான் ஒன் மகன் போறான்' என்றார். சண்டை போட எனக்கு வீடு இருக்கிறது, கப்பலில் எதற்கு?

மறுநாள் காலையில் என்ன செய்தோம் தெரியுமா? வீட்டில் எழுகிற நேரத்துக்கே எழுந்துவிட்டோம். உன் அப்பா இரண்டு கட்டிலையும் தட்டி, விரிப்பை இழுத்துச் செருகினார். குளியலறைத் தரையைத் துண்டால் துடைத்தார். நான் கோப்பிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன், ஈரத் துண்டுகளை அலசிக் கம்பியில் காயப் போட்டேன். குப்பைப் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு அவர் நடைவழி முழுக்கக் குப்பைத் தொட்டி தேடி அலைந்தார், நம் தாமான் தெருவில் குப்பை லோரி வருகிற நாள் மாதிரி. பிறகு கதவில் தொங்கவிடுகிற அட்டையில் சிவப்புப் பக்கத்தைத் திருப்பி மாட்டினோம், யாரும் உள்ளே வர வேண்டாம் என்று. அவர் பிடிவாதத்தில் செய்தார்: 'நான் போற கக்கூஸ இன்னொருத்தன் கழுவணுமா? நம்ம கைக்கு என்ன வந்துச்சு?' நான் இரக்கத்தில் செய்தேன். அந்த மனிதருக்கு ஓர் அறை வேலையாவது குறையட்டுமே, கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்காரட்டுமே என்று நினைத்தேன். புண்ணியம் செய்த மாதிரி நிம்மதியாகப் பசியாறப் போனோம். அடுத்த நாளும் அதையே செய்தோம்.

அன்று நாங்கள் பசியாறிவிட்டுத் திரும்பி வந்தபோது யாந்தோ எங்கள் கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் செத்துப் போயிருந்தது. மலாயில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். 'பாக், நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? என்னை உள்ளேயே விடமாட்டேன் என்கிறீர்களே' என்று கேட்டார். ஐயோ, எனக்கு எப்படி இருந்திருக்கும்! அதெல்லாம் இல்லை, உங்களுக்கு வேலை குறையட்டும் என்றுதான் நாங்களே செய்துகொண்டோம் என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. மேற்பார்வைக்காரர் வந்து சிவப்பு அட்டையைப் பார்த்துவிட்டு, இந்த அறையில் உன்மேல் என்ன குறை என்று கேட்டாராம். இப்படி இரண்டு மூன்று அறையில் பேர் கெட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காதாம். ஊரில் அவர் மகள் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாளாம். நாங்கள் புண்ணியம் என்று நினைத்துச் செய்தது அந்த ஆளின் வயிற்றில் அடித்திருக்கிறது, ராசா. 'உள்ள வாங்க, மொதல்ல உள்ள வாங்க' என்று தமிழிலேயே கூப்பிட்டுவிட்டேன். அவருக்கும் அது புரிந்துவிட்டது.

உள்ளே வந்தவர், உன் அப்பா அப்படி அழகாக விரித்து வைத்திருந்த கட்டிலை முழுக்க உருவினார். புது விரிப்பை உதறினார். உன் அப்பாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு இது பிடிக்கவில்லை, இன்னொரு மனிதன் எனக்காகக் குனிவது எனக்குப் பிடிக்கவில்லை என்று மலாயில் சொன்னார். ஏன் பாக் என்று அவர் கேட்டார். அப்போதுதான் உன் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். எங்களுக்குக் கல்யாணமாகி உன் அக்காவுக்கே கல்யாணம் செய்து வைத்தாயிற்று; என்னிடம் ஒரு நாளும் சொல்லாத கதை அது. முன்பின் தெரியாத ஜாவாக்காரரிடம் மலாயில் சொல்ல, நான் ஓரமாக நின்று கேட்டேன்.

உன் அப்பா சின்னப் பையனாகத் தோட்டத்தில் இருந்தபோது, தீபாவளி அன்று ஆட்கள் எல்லாரும் துரை பங்களாவுக்கு மாலை எடுத்துக்கொண்டு போவார்களாம். மாலையை வாங்கிக்கொண்டு துரை படியில் நின்று, ஒரு தட்டிலிருந்து சில்லறையை அள்ளிப் பிள்ளைகள் பக்கம் வீசுவாராம். பிள்ளைகள் புல்லில் விழுந்து புரண்டு பொறுக்குவார்கள், துரைசானி அதைப் படம் பிடித்துச் சிரிப்பார். உன் அப்பாவும் ஒரு தடவை விழுந்து ஒரு காசை எடுத்துவிட்டார். புதுச் சட்டை கிழிந்துபோனது. ஓடிப் போய்த் தன் அப்பாவிடம் காட்டினாராம். உன் தாத்தா அந்தக் கையை விரித்து, காசை எடுத்து டிரெயின் சாக்கடையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்து போய்விட்டாராம். 'அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்' என்றார் உன் அப்பா. அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. கோப்பிக் கடையில் மீதிச் சில்லறையை மேசையில் விட்டு வரமாட்டார், தீபாவளிக்கு லோரிக்காரர்கள் கேட்டில் நீட்டுகிற அங்பாவ் பணக் கவரை வாங்கமாட்டார். நான் அதையெல்லாம் கஞ்சத்தனம், வீம்பு என்று எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்! அதை நினைத்து அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

யாந்தோ தலையணையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டார். பெரிய வியாக்கியானம் ஒன்றும் செய்யவில்லை. 'இங்கே யாரும் வீசுவதில்லை பாக், கவரில் வைத்துக் கொடுப்பார்கள். கொடுக்காமல் போகிறவர்களும் உண்டு. ஆனால் உங்கள் கட்டிலை நான் விரித்திருக்க வேண்டும். நீங்களே விரித்துக்கொண்டு கடைசி நாளில் எனக்குக் காசு கொடுத்தால், அதை நான் எந்த முகத்தோடு வாங்குவது?' என்று கேட்டார். உன் அப்பா எழுந்து போய், கதவில் மாட்டியிருந்த சிவப்பு அட்டையைக் கழற்றி எடுத்து வந்து மேசையில் வைத்தார். 'செய்யுங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்' என்றார். முடி வெட்டிக்கொள்கிறவர் மாதிரி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் கை சும்மா இருக்குமா? விரிப்பின் மூலையை அவர் எப்படி முக்கோணமாக மடித்து மெத்தைக்குக் கீழே செருகுகிறார் என்று எட்டி எட்டிப் பார்த்தார். 'இன்னொரு தடவை செய்து காட்டுங்கள்' என்று கேட்டார். யாந்தோ இரண்டாவது கட்டிலில் மெதுவாகச் செய்து காட்டினார். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு விரிப்புக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம்.

அன்று சாயந்திரம் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். உன் அப்பா கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: 'இவன் அந்த மூலைய அப்பிடி மடிப்பானா புள்ள?' யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். 'பழகிக்குவான்' என்றேன். 'வீட்டுல ஒரு நாளாச்சும் படுத்த கட்டில தட்டிப் போட்டிருக்கானா அவன்? அவனப் போயி இந்த வேலைக்கு எடுத்திருக்கானுங்களே, அவனுங்க நெலம என்னாகும்?' என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உன் அம்மாவுக்கும் அங்கே ஒரு யோசனை வந்தது. மலாக்கா ஹோட்டலில் நான் எத்தனை வருஷம் துணி வெளுத்தேன் என்று உனக்குத் தெரியும். என் கையில் சோப்பு வாசனை என்று சொல்லிச் சின்ன வயசில் மூக்கைப் பிடித்துக்கொள்வாய். சலவை அறை கட்டடத்துக்கு அடியில். மேலே தங்குகிறவர்கள் அறைக்காரப் பெண்களுக்கு டிப்ஸ் வைப்பார்கள். எங்களை யார் கண்டார்கள்? மெய் அக்கா என்று ஒரு சீனத்தி மட்டும், மாடியில் அறை வேலை செய்து தனக்குக் கிடைத்த டிப்ஸில் வாரா வாரம் எங்களுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு இறங்கி வருவாள். 'நீங்க வெள்ளையா வெளுக்கலேன்னா எனக்கு யாரு வெப்பா?' என்பாள் அரைகுறை மலாயில். அந்தப் பொட்டலத்தில் நான் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டு வருவேன். அதில் இருந்த முட்டையை நீ உன் அக்காவுக்குக் கொடுக்காமல் தின்றிருக்கிறாய். மெய் அக்கா எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். கப்பலில் அந்த வெள்ளை விரிப்பைப் பார்த்ததும் எனக்கு அவள் நினைவுதான். இதையெல்லாம் யார் துவைக்கிறார்கள் என்று யாந்தோவிடம் கேட்டேன். தண்ணீருக்குக் கீழே உள்ள தளத்தில் இருக்கிறார்கள், இபு, அவர்களுக்குக் கடலே தெரியாது என்றார்.

கடைசி நாள் வந்தது. மேசையில் சின்னச் சின்ன வெள்ளைக் கவர் வைத்திருந்தார்கள், கூடவே ஒரு காகிதம்: அறையைப் பார்த்துக்கொண்டவருக்கு இவ்வளவு, சாப்பாட்டு மேசையில் பரிமாறியவருக்கு இவ்வளவு கொடுப்பது வழக்கம், உங்கள் விருப்பம் என்று. மத்தியானம் எங்கள் மேசையில் கோலாலம்பூர் கான்ட்ராக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், நம் ஆள்தான். உன் அப்பாவின் காதுப் பக்கம் குனிந்து, 'அண்ணே, ராத்திரிக்குக் கீழ வராதீங்க. மேல பஃபேயில சாப்ட்டுக்குங்க. கீழ வந்தாதான் அந்தப் பையனுக்குக் கவர் குடுக்கணும். நான் ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான்' என்றார். பெரிய ரகசியம் சொல்கிற மாதிரி கண் வேறு அடித்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் உன் அப்பாவும் சரி என்றிருப்பார், வேறு காரணத்துக்காக. அன்றைக்குக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, 'மூணு வேளையும் அவன் கையால தின்னுட்டுக் கடைசியில ஓடி ஒளியறதுக்கு நான் என்னா காக்காயா?' என்றார். சுற்றியிருந்த மேசையெல்லாம் திரும்பிப் பார்த்தது. நான் அவர் வேட்டி நுனியை இழுத்தேன், உட்காருங்கள் என்று. அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவில்லை. ராத்திரி நாங்கள் முதல் ஆளாகக் கீழே போய் உட்கார்ந்தோம்; பரிமாறிய பையனுக்குக் கையில் கவரைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

யாந்தோவுக்குக் கொடுப்பதில்தான் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. தலையணை மேல் வைத்துவிட்டுப் போகலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன் நான். வெச்சுட்டுப் போறதும் வீசிட்டுப் போறதும் ஒண்ணுதான் என்றார் அவர். வரவேற்பு மேசையில் கொடுத்தால் சேர்த்துவிடுவார்கள் என்றேன். 'நமக்கு விரிச்சுப் போட்டவன் அங்கயா இருக்கான்?' என்றார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்று யோசித்தார். திரும்பி, 'நம்ம வீட்டுக் கல்யாணத்துல மேளக்காரருக்கு எப்பிடிக் குடுத்தோம்? சமையல்காரருக்கு எப்பிடிக் குடுத்தோம்? ஒன் பையில வெத்தல இருக்கா?' என்று கேட்டார். இருந்ததில் வாடாத வெற்றிலையாகப் பொறுக்கினேன், பாக்கு எடுத்தேன். கோப்பி வைக்கிற தட்டைக் கழுவித் துடைத்தேன். காகிதத்தில் போட்டிருந்த தொகையோடு ஒரு வெள்ளி நோட்டும் சேர்த்துக் கவரில் வைத்தோம், மொய்க்கு வைப்போமே அந்த மாதிரி. பழக்கதோஷத்தில் கவர் மேல் உன் அப்பா பேரையும் என் பேரையும் போட்டு, 'செலண்டார்' என்று ஊர்ப் பேரும் எழுதிவிட்டேன். எழுதின பிறகுதான், இது என்ன கல்யாண வீடா என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சலவை அறைக்காரர்களுக்கு யாந்தோவிடம் கொடுத்தனுப்பத் தனியாக ஒரு கவர் வைத்தேன். அதில் பேர் எழுதவில்லை.

யாந்தோ வந்தார். உன் அப்பா அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். நான்தான், எங்கள் வீட்டு நல்ல காரியத்தில் உழைத்தவர்களுக்கு இப்படித்தான் கொடுப்போம் என்று சொன்னேன். அவர் வெற்றிலையைப் பார்த்ததும், 'சிரே! எங்கள் ஊர்க் கல்யாணத்திலும் வைப்போம், இபு!' என்றார். அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிவிட்டு வலது கையைத் தன் நெஞ்சில் வைத்தார். உன் அப்பாவும் அதேபோல் தன் நெஞ்சில் கையை வைத்தார். கவர் மேல் இருந்த தமிழ் எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார் யாந்தோ. எங்கள் பேர், எங்கள் ஊர் என்றேன். மகளுக்கு எழுதும்போது இந்தக் கவரையும் சேர்த்து அனுப்புவேன் என்றார். எங்கள் மகனும் அடுத்த மாதம் கப்பலில் உங்கள் வேலைக்குத்தான் வருகிறான் என்று உன் அப்பா சொன்னார். அவராகவே சொன்னார் ராசா, நான் சொல்லவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

இந்தக் கதையை எழுதுகிற சாக்கில் அம்மா கொஞ்சம் புத்தியும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ அந்தப் பக்கத்தில் நிற்கப் போகிறவன். கொடுக்கிறவர் கையைப் பார்க்காதே, முகத்தைப் பார். அவர் எதிரில் கவரைப் பிரிக்காதே. கொடுக்காமல் போகிறவர்களைப் பற்றி மனதில் கசப்பு வைத்துக்கொள்ளாதே. சிலருக்கு இல்லை, சிலருக்குத் தெரியவில்லை, கான்ட்ராக்டர் மாதிரி சிலர் இருக்கத்தான் செய்வார்கள், அவர்களுக்காக அடுத்த ஆளின் கட்டிலில் சுருக்கம் விட்டுவிடாதே. கீழ்த் தளத்தில் துணி வெளுக்கிறவர்களை ஒரு தடவையாவது போய்ப் பார், வெறுங்கையோடு போகாதே. உன் அம்மா அங்கே இருந்தவள். எங்களை மாதிரி பைத்தியக்காரக் கிழவனும் கிழவியும் ஏறி, தாங்களே கட்டிலை விரித்துக்கொண்டு சிவப்பு அட்டையை மாட்டினால் கோபப்படாதே. யாந்தோ மாதிரி பக்குவமாகக் கேள். அவர்களுக்குள் என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

உன் மேலும் எனக்கு நன்றி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ இந்த வேலைக்கு எழுதிப் போடாமல் இருந்திருந்தால், அப்பாவோடு சண்டை போடாமல் இருந்திருந்தால், அந்த அறையில் அவர் வாய் திறந்திருக்கமாட்டார். நானும் அவரைக் கஞ்சன் என்று திட்டிக்கொண்டே செத்திருப்பேன். நீ பேசியது தப்புதான். கேட்டில் நிற்கிற மனிதரை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் பேசியதும் தப்பு என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதை வாயால் சொல்கிற ஆளா அவர்? அது நடக்காது, நீ அதை எதிர்பார்த்து அங்கேயே உட்கார்ந்திருக்காதே.

அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் சொல்கிறேன். கப்பலிலிருந்து வந்த மறுநாளே மலாக்கா போய் வெள்ளை விரிப்பு ஒன்று வாங்கி வந்தார். உன் அறையில் கட்டிலில் போட்டு மூலையை மடித்து மடித்துப் பார்க்கிறார். சரியாக வரவில்லை என்றால் உருவிப் போட்டுவிட்டு மறுபடி செய்கிறார். 'அந்தாளு எப்பிடிச் செருகினான், நீ பாத்தல்ல?' என்று அடுப்படியில் வந்து என்னைக் கேட்கிறார். நேற்றுதான் சரியாக வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'அவன் போறதுக்கு முன்னாடி ஒரு நாளு இதுல படுத்துட்டுப் போவட்டும்' என்றார். சொல்லிவிட்டு கேட் காவல் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை வா ராசா. மீன் குழம்பு வைக்கிறேன், அன்றைக்கு நீ சாப்பிடாமல் போன அதே குழம்பு. ராத்திரி உன் கட்டிலில் படு. காலையில் எழுந்ததும் புது வேலைக்காரன் மாதிரி விறைப்பாக அதை மடித்து வைக்காதே, கெட்டிக்காரத்தனத்தைக் கப்பலில் காட்டிக்கொள். எப்போதும் போலக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்து வா. அப்பா வந்து விரிப்பார். விரித்து முடிக்கும் வரை வாசலில் நின்று பார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, 'ரொம்ப நன்றிப்பா' என்ற அந்தச் சொல்லை, கவர் கொடுக்கிற மாதிரி, அவர் கையிலேயே கொடு.

உன் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிற,
அம்மா